புத்தளத்துப் பியரும் ஒரு போத்தல் அப்பிள் தண்ணீரும்

என் நாக்குக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை அதற்குக் கொடுத்தவன் நானேதான் என்பதால், அதைப் பறிக்கவும் வேறு யாரும் வரவில்லை.

அது இரண்டாம் உலக யுத்த காலம். சிலாபத்தில் ஒரு கொப்பராக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன். காற்சட்டை, இரண்டு வெள்ளைச் சேட்டு, ஒரு பவுண்டன் பேனை, இவ்வளவும் இருந்தால் எங்கள் கரையில் ஒருவன் பாதி வெள்ளைக்காரன். மீதிப் பாதியை நான் பியரால் நிரப்பிக்கொள்ளப் பார்த்தேன். ஒரு நத்தார்ப் பண்டிகைக்குக் கந்தோர்த் துரை எனக்கு அரைக் கிளாஸ் பியர் தந்தார். அவருடைய கிளாஸில் ஈ விழுந்தபடியால்தான் அது என்னிடம் வந்தது என்பதைப் பல வருடங்களாக நான் யாருக்கும் சொல்லவில்லை. துரை தன் கையால் ஊற்றித் தந்தார் என்றுதான் ஊருக்குள் கதை. ஈயை எடுத்துப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் குடித்து, அன்றைக்கே நான் பியர் தெரிந்த மனிதனாகிவிட்டேன்.

எங்கள் ஊர்த் தென்னங்கள்ளுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் இறக்கிய கள் வாயில் இனிக்கும், மத்தியானத்தில் கொஞ்சம் உறைக்கும், பின்னேரத்தில் மனிதனைப் பாட வைக்கும். ஆனால் கள்ளுத் தவறணைக்குள் நான் காற்சட்டையோடு நுழைந்தால், கடலுக்குப் போய்வந்த மனிதர்கள் வாங்குப் பலகையில் நகர்ந்து, "கிளாக்கர் ஐயா, இதில இருங்க" என்று இடம் விடுவார்கள். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து அவர்கள் குடிப்பதையே குடிப்பது என் உத்தியோகத்துக்கு அழகில்லை என்று நினைத்தேன். ஆகவே, கள்ளைவிடக் கசப்பான, கள்ளைவிடச் சூடான ஒன்றைத் தேடி, ரயில் ஏறி முப்பது மைல் போக ஆரம்பித்தேன்.

புத்தளத்தில், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்பின் கரையோடு பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவன் அவர்களுடைய கண்டீனில் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தான். அவனைக் கண்டீன்காரன் என்றே வைத்துக்கொள்வோம். கப்பலில் வரும் பியர்ப் பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு போத்தல் வழியில் உடைந்துவிடும். அப்படி உடைந்த போத்தல்கள் ஒரு கீறலும் இல்லாமல் அவனுடைய வீட்டுக்கு வந்து நிற்கும். புதுச் சாதிப் பியர் வந்தால் அவன் எனக்கு ஒரு தபால் அட்டை போடுவான். "அத்தைக்குச் சுகமில்லை, வந்து பார்க்கவும்" என்று எழுதியிருக்கும். யுத்த காலத்தில் கடிதங்களைத் திறந்து பார்ப்பார்கள் என்ற பயத்தில் நாங்கள் கண்டுபிடித்த இரகசியம் அது. பட்டாளம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. என் மனைவி இரண்டாவது அட்டையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"உங்கட சிநேகிதன்ர அத்தைக்கு மாசத்தில ரெண்டு தரம் வருத்தம் வருது. அங்க நல்ல மருந்து கிடைக்குது போல" என்பாள், என் சேட்டை மடித்துப் பையில் வைத்தபடி.

சனிக்கிழமை கந்தோர் அரை நாள். பின்னேர ரயிலில் போவேன். ஞாயிற்றுக்கிழமை பூசையைப் புத்தளத்து மாதா கோவிலிலேயே கண்டுவிடுவேன், அந்த அளவுக்கு நான் பக்திமான். பூசை முடிந்ததும் கண்டீன்காரன் வீட்டுக் கிணற்றடியில் எங்கள் ஆராய்ச்சி தொடங்கும்.

பியரைக் குளிரவைத்துக் குடிக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஐசுக்கு எங்கே போவது? போத்தல்களைக் கழுத்தில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவோம். களப்புக்கரைக் கிணறு, உப்புத் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் போத்தல் குளிர்கிறதோ இல்லையோ, லேபல் உரிந்து மிதக்கும். மேலே இழுத்தால் எல்லாப் போத்தலும் ஒன்றுபோல மொட்டையாக நிற்கும். அங்கேதான் என் நாக்குக்கு வேலை. ஒரு மிடறு எடுத்து, அதை வாய்க்குள் உருட்டி, களப்பைப் பார்த்துக்கொண்டு, இது இன்ன தேசத்துப் பியர் என்று தீர்ப்புச் சொல்வேன். கண்டீன்காரன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். எனக்கு அதைவிட வேறு போதை தேவைப்படவில்லை.

ஒருமுறை, அவுஸ்திரேலியாப் பியர், ஆட்டு மயிர் வாசம் அடிக்கிறது, அங்கே ஆடு அதிகம் என்றேன். பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் செய்தது என்று இருந்தது. இந்தியாவிலும் ஆடு உண்டு என்று சொல்லித் தப்பினேன். இன்னொரு முறை கறுப்பாக ஒரு பியர் வந்தது. கருகின கோதுமைப் பாணை ஊறவைத்துப் பிழிந்ததுபோல இருந்தது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு டாக்குத்தர்மார் அதைத்தான் குடிக்கச் சொல்வார்கள் என்று கண்டீன்காரன் சொன்னான். பிள்ளை பெறாத குறையை நினைத்து, அதையும் மரியாதையோடு குடித்து முடித்தோம். இங்கிலாந்துப் பியர் ஒன்று வேப்பம்பட்டைக் கசாயம். கனடாப் பியர் என்று நான் சொன்ன ஒன்று, சவர்க்காரம் கழுவின தண்ணீர். இவை எல்லாவற்றையும் "நல்ல சாமான்" என்றுதான் சொன்னோம். பக்கத்து வளவில் யாரோ குடித்துக்கொண்டிருந்த பனங்கள்ளின் வாசம் காற்றில் வரும்போது மட்டும் இரண்டு பேர் மூக்கும் அந்தப் பக்கம் திரும்பும்.

அப்படிக் குடித்த முகத்தோடு நேரே வீட்டுக்குப் போக முடியாது. அதற்காகத்தான் எனக்கு இன்னொரு சிநேகிதன் இருந்தான் என்று சொன்னால் அது பொல்லாத பேச்சு. ஆனால் நான் அவனை அப்படித்தான் பாவித்தேன்.

அவனும் அதே வாங்கில் எங்களோடு இருந்து படித்தவன். கனமூலை என்ற ஊரில் தென்னந்தோட்டமும் கொப்பரா வியாபாரமும் அவனுக்கு. அவனைக் கனமூலைக்காரன் என்று சொல்கிறேன். முஸ்லிம், ஐந்து வேளையும் தொழுகிறவன், பீடிகூடப் பற்றாதவன். ஞாயிற்றுக்கிழமை பின்னேர ரயிலில் நான் மதுரங்குளியில் இறங்கி அவன் வீட்டுக்கு நடந்துபோவேன். அந்த நடையில் பாதி தெளியும். மீதியை அவனுடைய உம்மா தெளியவைப்பா. பெரிய கோப்பையில் தேசிக்காய் பிழிந்து, தண்ணீர் கரைத்துத் தந்துவிட்டு, "மகன், கண் ரெண்டும் செவந்து ஈக்கு. வெயிலா?" என்று கேட்பா.

"ஓம் உம்மா, வெயில்தான்" என்பேன்.

மாரி மழை கொட்டுகிற மாதத்திலும் இதே கேள்வி, இதே பதில்தான். கனமூலைக்காரன் ஒருநாளும் எனக்குப் புத்தி சொன்னதில்லை, முகம் சுளித்ததில்லை, என் வாயிலிருந்து வந்த வாசத்துக்குத் தலையைத் திருப்பியதில்லை. சோறு போட்டு, பாய் விரித்து, விடியற்காலை ரயிலுக்கு எழுப்பிவிடுவான். "அத்தைக்கு எப்படி மச்சான்?" என்று மட்டும் ரயிலடியில் கேட்பான். அவனிடமிருந்து வரும் பகிடி அவ்வளவுதான்.

அந்த வருடம் நோன்பு மாதத்தில் ஒரு தபால் அட்டை வந்தது. அத்தைக்கு வருத்தம் கடுமை என்று எழுதியிருந்தது. போனேன். கண்டீன்காரன் வழமையான போத்தல்களோடு, பருத்த ஒரு போத்தலையும் கொண்டுவந்து வைத்தான். உள்ளே இருந்தது பொன் நிறம். லேபலில் ஒரு தோட்டம், மரம் நிறைய அப்பிள் பழம், மரத்தடியில் ஒரு கூடை. சைடர் என்று இங்கிலீசில் எழுதியிருந்தது.

"மச்சான், இதென்ன சாமான்? பட்டாளத்துப் பொடியன்கள் இதை லெமனேட்டுக்குப் பக்கத்தில வைக்கச் சொன்னவங்கள். பியர் முடிஞ்சால்தான் இதை எடுக்கிறாங்கள். உனக்குத்தானே தெரியும்" என்றான்.

எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லை அதுவரை நான் கண்டதே இல்லை. தெரியாது என்று சொல்வதற்கு எத்தனை எழுத்து? அதைச் சொல்லியிருந்தால், அவன் மூடியைத் திறந்திருப்பான், இரண்டு பேரும் ஒரு மிடறு குடித்துப் பார்த்திருப்போம், இந்தக் கதையும் இருந்திராது. ஆனால் நாடு நாடாகத் தீர்ப்புச் சொன்ன நாக்கு, ஒரு லேபலுக்கு முன்னால் தலை குனிவதா? போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன்.

"இது அப்பிள் பழச்சாறு. சீமையில சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்கிறது. எங்கட துரையின்ர பங்களாவில கண்டிருக்கிறன்" என்றேன்.

துரைக்குப் பிள்ளைகளே இல்லை.

பழச்சாறு குடிக்கவா நான் முப்பது மைல் வந்தேன்? அதை ஒதுக்கி வைத்துவிட்டு பியரைக் குடித்தோம். கிளம்பும்போது அந்தப் போத்தல் கண்ணில் பட்டது. கனமூலைக்காரனின் உம்மா காய்ச்சலில் படுத்து அப்போதுதான் எழும்பியிருந்தா. எழும்பின கையோடு, வேண்டாம் என்று மகன் சொல்லச் சொல்ல, நோன்பும் பிடிக்கத் தொடங்கியிருந்தா. யுத்தத்தில் அப்பிள் பழத்தைக் கொழும்பிலேயே காண முடியாத காலம். நோன்பு துறக்கிற நேரத்துக்கு ஒரு போத்தல் அப்பிள் சாறு கொண்டுபோய்க் கொடுத்தால் எவ்வளவு நல்லது? என் நினைப்பில் வஞ்சகம் இருக்கவில்லை. பெருமை இருந்தது. அது தாராளமாகவே இருந்தது.

கனமூலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் கஞ்சி கொதிக்கும் வாசம். உம்மா கட்டிலில் சாய்ந்திருந்தா, முகம் வற்றிப்போயிருந்தது. நான் போத்தலை மேசையில் வைத்து, லேபல் எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிவிட்டேன்.

கனமூலைக்காரன் போத்தலைக் கையில் எடுத்துப் படத்தைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீசு என்னளவு வராது, கணக்கில்தான் அவன் கெட்டிக்காரன்.

"மச்சான், புத்தளத்து அத்தை வீட்டுச் சாமான் மாதிரி இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டான். உம்மாவுக்குக் கேட்காத குரலில்தான் கேட்டான்.

"சீ, இது வெறும் அப்பிள் தண்ணி. அந்த விசயத்தில என்னைவிட ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

அவன் தலையாட்டினான். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்னால் போதும் அவனுக்கு.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு துறந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கஞ்சி. பிறகு அவன் என் போத்தலைத் திறந்தான். சோடாபோலச் சத்தம் வந்தது. உம்மாவுக்கு முதலில் ஊற்றினான். அவ அரைக் கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "குளுமையா ஈக்கு மகன். தொண்டைக்கு இதமா ஈக்கு" என்றா. வற்றின முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவன் மறுபடி ஊற்றிக் கொடுத்தான். அடுத்தது விருந்தாளி, எனக்கு. கடைசியாகத் தனக்கு.

நான் ஒரு மிடறு குடித்தேன்.

அதுவரை அந்த நாக்கு ஒரு பியரையும் சரியாகச் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் சொன்னது. இனிப்புக்கு அடியில், கள்ளின் புளிப்பு. தொண்டையில் இறங்கும்போது அந்தச் சூடு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பின்னேரக் கள்ளுக்குச் சீனி போட்டதுபோல அது என் நெஞ்சுக்குள் இறங்கியது. எதிரே கனமூலைக்காரன் தன் கிளாஸைக் கையில் எடுத்திருந்தான். இன்னும் வாயில் வைக்கவில்லை. உம்மா நோன்புக்கு என்ன கறி வைத்தா என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

பேசுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நேரத்தை என்னால் அளந்து சொல்ல முடியும். ஒரு கறியின் பெயரைச் சொல்லி முடித்து, அதற்குப் போட்ட புளியைப் பற்றியும் சொல்லி முடிக்கிற நேரம். "குடிக்காத" என்று ஒரு சொல் போதும். கையை நீட்டிக் கிளாஸை மூடியிருந்தாலும் போதும். ஆனால் அதற்கு, உம்மாவுக்கு முன்னால், இரண்டு தரம் வாங்கிக் குடித்த உம்மாவுக்கு முன்னால், எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன், நான் ஒன்றும் தெரியாதவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். என்னால் முடியவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குடித்தான்.

"நல்லா ஈக்கு மச்சான்" என்றான்.

வாய் கொப்பளித்து, கை கால் கழுவிவிட்டு அவன் தொழப் போனான். நான் இருந்த கதிரையிலிருந்து அந்த அறை தெரியும். பாயை விரித்து, நிமிர்ந்து நின்று, கைகட்டி, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்தான். உம்மா கட்டிலில் இருந்தபடியே தொழுதா. போதையோடு தொழுகைக்குக் கிட்டவும் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவன்தான் ஒருமுறை சொல்லியிருக்கிறான், எனக்குப் புத்தி சொல்வதற்கல்ல, நான் கேட்டதற்குப் பதிலாக. வெட்கம் என்பதை அன்றைக்குத்தான் முழுசாக அறிந்தேன்.

ஆனாலும் என் வீரம் அதோடு முடிந்துவிடவில்லை. போத்தலில் பாதி மிச்சம் இருந்தது. தொழுது முடித்த உம்மா, "மகன், அத மூடி வை, நாளைக்கும் நோன்பு துறக்க எடுப்பம்" என்றா. அப்போது எனக்குள் ஒரு துணிவு பிறந்தது. மேசையில் இருந்த கஞ்சிக் கோப்பையை எடுக்கப் போகிறவனைப்போலக் கையை நீட்டி, போத்தலைத் தட்டிவிட்டேன். அது தரையில் விழுந்து உடைந்து, அப்பிள் மரமும் கூடையும் எல்லாம் ஓடிப்போனது.

உம்மாதான் முதலில் பதறினா. "கையில கண்ணாடி பட்டிச்சா மகன்? போனாப் போகுது. இவ்வளவு தூரம் சொமந்துகொண்டு வந்தியே, மனசு வருத்தப்படாத" என்றா. கனமூலைக்காரன் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். நான் கதிரையில் இருந்து ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை கண்டீன்காரனிடம் விசாரித்தேன். அவன் யாரோ ஒரு பட்டாளத்துக்காரனிடம் கேட்டு வைத்திருந்தான். அப்பிளைப் புளிக்கவைத்துச் செய்கிற கள்தான் அது, பியருக்குக் குறைந்ததில்லை என்றான். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் கனமூலைக்காரன் என் வீட்டுக்கு வந்தான். சிலாபத்துக்கு வியாபார அலுவலாக வந்தவன், உம்மா தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுச் செய்த வட்டலப்பத்தை ஒரு சட்டியில் துணி கட்டிக் கொண்டுவந்திருந்தான். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். போகிற நேரத்தில் அவன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்.

"மச்சான், உம்மா அந்த அப்பிள் தண்ணியக் கேக்கிறா. அத குடிச்ச அண்டைக்கு நல்லா நித்திர வந்ததாம். காய்ச்சலுக்குப் பொறகு அப்படித் தூங்கினதே இல்லையாம். இன்னொரு போத்தல் எடுக்கேலுமா?"

பார்க்கிறேன் என்றேன். அவன் தெருவைத் தாண்டும்வரை வாசலில் நின்று கையாட்டினேன். திரும்பினால் மனைவி கதவடியில் நிற்கிறாள்.

"அதென்ன அப்பிள் தண்ணி?" என்றாள்.

சொன்னேன். சிரிக்கும்படியாகத்தான் சொல்லத் தொடங்கினேன், நாக்குக்கு நேர்ந்த கதி என்று. அவள் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "இப்ப வந்துபோனவர் குடிக்க முன்னம் உங்களுக்குத் தெரியும்" என்றாள். அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு வட்டலப்பச் சட்டியை எடுத்து உயரத்தில் வைத்தாள்.

"இதில நீங்க ஒரு கரண்டி தொடப்படாது. போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையைச் சொந்த ஊரிலேயே கண்டேன். பிறகு ரயில் ஏறி மதுரங்குளியில் இறங்கி நடந்தேன். குடிக்காமல் நடந்தபோதுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. கனமூலைக்காரன் தோட்டத்தில் கொப்பரா காயவைக்கும் வாடியில் இருந்தான். புகைக்கு மேலே தேங்காய்ப் பாதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். உம்மா வீட்டில் இருந்தா, நாங்கள் பேசுவது அவவுக்குக் கேட்காது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கை நின்றது.

"எப்ப தெரிஞ்ச உனக்கு?" என்றான்.

இங்கே ஒரு பொய் எனக்காகத் தயாராக இருந்தது. கண்டீன்காரன் பிறகு விசாரித்துச் சொன்னான் என்று சொன்னால் போதும், அதில் பாதி உண்மையும்கூட. வழி முழுக்க அதை நான் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

"வாயில வச்ச உடனே" என்றேன்.

"நான் குடிக்க முந்தி."

"ஓம்."

"நான் கிளாச எடுக்கக்குள்ள நீ என்னையத்தானே பார்த்துக்கொண்டு இருந்தாய்."

"ஓம்."

அவன் கீழே உட்கார்ந்தான். சிரட்டை ஒன்றை எடுத்து நெருப்பில் போட்டான்.

"தெரியாமக் குடிச்சதுக்கு எங்களுக்குக் குத்தமில்ல" என்றான் கடைசியில். "அந்தத் தொழுகைய அல்லாஹ் பார்த்துக்குவான். அதில எனக்குப் பயமில்ல. நீ ஒரு வார்த்த செல்லியிருந்தா, கிளாசக் கீழ வச்சுட்டுச் சிரிச்சிருப்பன் மச்சான். உன்ட நாக்கப் பத்திச் சாகிற வரைக்கும் பகிடி பண்ணியிருப்பன். அவ்வளவுதான் நடந்திருக்கும்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் திரும்பிவரும் வழியில் எனக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டிருப்பேன். அதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை.

உம்மாவுக்கும் நானே சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். அவ வயதுபோன மனிசி, அதையே நினைத்து நினைத்துத் தேய்ந்துபோவா, நான் கவனித்துக்கொள்கிறேன் என்றான். வீட்டுக்குப் போனோம். உம்மா என்னைக் கண்டதும் அப்பிள் தண்ணீரைத்தான் கேட்டா. அவன் முந்திக்கொண்டு, "அது இனி வராதாம் உம்மா. கப்பல் நிண்டிட்டாம்" என்றான். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். அவன் உம்மாவிடம் பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்காகத்தான் சொன்னான்.

சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். என்னை ரயிலடி வரைக்கும் கொண்டுவந்து விட்டான். வழியில் தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம். அத்தையைப் பற்றி அவன் கேட்கவில்லை.

இதோடு நான் குடியை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். விடவில்லை. தபால் அட்டை வந்தது, போனேன். மூன்று புதுப் பியர் குடித்தோம். கண்டீன்காரன் வழமைபோல என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது எந்தத் தேசம் என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. நாக்கு வேலை செய்யாத என்னோடு குடிப்பதில் அவனுக்கு ஒரு சுவையும் இருக்கவில்லை. மெல்ல மெல்ல அத்தையும் சுகமாகிவிட்டா.

கனமூலைக்குப் போவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. கண் சிவக்காமல் போனேன். அடுத்த வருடம் நோன்பு வந்தபோது, வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. என்ன கொண்டுபோவது என்று சிலாபம் சந்தையில் நீண்ட நேரம் சுற்றினேன். போத்தலில் உள்ளது வேண்டாம். டின்னில் அடைத்தது வேண்டாம். லேபல் ஒட்டிய எதுவும் வேண்டாம். கடைசியில் ஆறு தோடம்பழம் வாங்கினேன். தோல் மூடிய பழம். மரத்தில் இருந்தபடி, எவர் கையும் உள்ளே போகாதது. இதற்குள் யார் என்ன கலக்க முடியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அதைப் பையில் போட்டேன்.

பாங்கு சொல்லி, பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்தது. உம்மா கட்டிலை விட்டு எழும்பி, முன்னைவிட நல்ல சுகமாக, எங்களோடு பாயில் வந்து இருந்தா. கனமூலைக்காரன் நான் கொண்டுவந்த தோடம்பழங்களில் ஒன்றை எடுத்து, நகத்தால் தோலை உரித்து, சுளைகளைப் பிரித்துத் தட்டில் வைத்தான். உம்மா கையை நீட்டினா. அவன் அந்தக் கையை மெல்ல விலக்கி, ஒரு சுளையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"மொதல்ல நீ தின்னு மச்சான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் வாங்கி வாயில் போட்டேன். விழுங்கி முடிக்கும்வரை அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகுதான் தட்டை உம்மா பக்கம் நகர்த்தினான்.